நடுவில் கோடு போட்ட ஏழு

பொன்மணி டாக்டர் ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு சிறு கோடு இருக்கும். பள்ளுருத்திக்குத் தெற்கே உள்ள எங்கள் குடும்ப ஆரோக்கிய மையத்தில் நான் மருந்து ஜன்னலில் உட்காருகிறேன். கம்ப்யூட்டர் படுத்துவிடும் நாட்களில் டாக்டர் கையால் எழுதிய சீட்டுகள் வரும். ஏழு நாள் மாத்திரை, எழுபது வயது, இருபத்தேழாம் தேதி, எல்லா ஏழிலும் அந்தக் கோடு. ஒருநாள் கேட்டேன்.

"கிர்கிஸ்தான்ல அப்படித்தான் எழுதுவாங்க. ஆறு வருஷத்துல கை பழகிப்போச்சு. பிஷ்கெக்ல படிச்ச எவளையும் இதை வெச்சே பிடிச்சிடலாம்," என்றார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அவருடைய அப்பா கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து தோப்பும்படி மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர். வீடு மட்டாஞ்சேரியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில். மகளுக்கு இங்கே மருத்துவ சீட்டு கிடைக்கவில்லை. பிஷ்கெக்கில் கிடைத்தது. 2017இல் பட்டத்தோடு திரும்பி வந்தபோது சந்து முழுக்க லட்டு கொடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டில் படித்தவர் இங்கே ஒரு நோயாளியைத் தொட வேண்டுமானால் முதலில் ஸ்க்ரீனிங் தேர்வு எழுத வேண்டும். தேறினால் ஒரு வருடம் ஏதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதை முடித்தால்தான் மெடிக்கல் கவுன்சிலில் நிரந்தரப் பதிவும் ஒரு நம்பரும். அந்த நம்பர் இல்லாதவரை கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்புக்கு எந்த அர்த்தமும் இல்லை.

தேர்வுக்கு முந்நூறு மதிப்பெண், தேற நூற்றைம்பது. முதல் முறை நூற்று நாற்பத்தேழு. அடுத்த முறை நூற்று முப்பத்தொன்பது. மூன்றாவது முறை நூற்று நாற்பத்தெட்டு.

அந்தக் காலத்தில்தான் பள்ளுருத்தியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஹரிஷங்கரிடம் போய்ச் சேர்ந்தார். ஹரிஷங்கர் தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். நாற்பது வருடக் கைராசி. "நம்ம தமிழ்ப் பொண்ணு, ஆத்துல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறே? இங்க வந்து உக்காரு, கை தெளியும்," என்று சொல்லித்தான் கூப்பிட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஹரிஷங்கர் சாயா குடித்தபடியே ஒரு பேட் முழுவதும், வெறும் தாள்களின் அடியில், கையெழுத்துப் போட்டு வைப்பார். பிறகு அந்த வாரம் முழுக்க நோயாளிகளைப் பார்ப்பதும் மேலே மருந்து எழுதுவதும் பொன்மணி. சீட்டைப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் பெரிய டாக்டர் பார்த்ததாகவே தெரியும். இன்னொரு வழக்கமும் உண்டு. யாரை எங்கே அனுப்புவதானாலும் முதலில் கிளினிக்கின் சொந்த லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். இது கவுண்டரில் இருப்பவருக்கு ஹரிஷங்கர் இட்ட நிரந்தர உத்தரவு.

2019 ஜனவரி இருபதாம் தேதி வாக்கில் மகளின் பிரசவத்துக்காக ஹரிஷங்கர் நாற்பது நாள் மஸ்கட் போனார். போவதற்கு முன் ஒரே மூச்சில் ஆறு பேட்டில் கையெழுத்துப் போட்டார். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி செல்லதுரை என்ற கொத்தனார், இடது கையைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற வந்தார். பொன்மணி சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கினார். வெளியே கூட்டம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோது செல்லதுரை லேப் வாசல் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

மூன்றாம் நாள் ஹரிஷங்கர் விமானத்தில் வந்து இறங்கினார். கிளினிக் வாசலில் செல்லதுரையின் ஆட்கள் ஐம்பது பேர் நின்றார்கள். பொன்மணி படியில் நின்றார். ஹரிஷங்கர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்திடம் மெதுவாகச் சொன்னார்:

"அவ டாக்டரே இல்ல. எழுதறதுக்கு வெச்ச பொண்ணு. நான் இல்லாத நேரம் பார்த்து நாற்காலில ஏறி உக்காந்துட்டா."

யாரோ செருப்பை எறிந்தார்கள். அது தோளில் பட்டது. அதைப் பொன்மணி பெரிதாகச் சொன்னதில்லை. அந்த மூன்று வாக்கியங்களைத்தான் அதே குரலில், அதே இடைவெளி விட்டுச் சொல்லிக்காட்டுவார். ஸ்டேஷனில் ஒரு பகல் உட்கார வைத்தார்கள். வழக்கு ஆகவில்லை. வழக்கு என்றால் தானும் உள்ளே வர வேண்டியிருக்கும் என்று ஹரிஷங்கருக்குத் தெரியும். உறவுக்காரர்களிடம் பேசிச் சமாதானம் செய்துவிட்டார். பிறகு பொன்மணியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீ வாயைத் திறந்தா என்ன ஆகும்னு நன்னா யோசிச்சுக்கோ. பதிவு இல்லாம வைத்தியம் பார்த்தவ நீ. எனக்கு வார்னிங் குடுப்பா. உனக்கு ஜென்மத்துக்கும் நம்பர் கிடைக்காது. கேட்டியோ?"

கேட்டுக்கொண்டார். மட்டாஞ்சேரியில் அவர் பெயர் கள்ள டாக்டர் ஆயிற்று. அப்பா ஐஸ் ஃபாக்டரிக்கு வேறு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார். பொன்மணி ஹரிஷங்கரின் பேட்டிலிருந்து ஒரு தாளின் தலைப்பை, அவர் பெயரும் பட்டங்களும் அச்சடித்த அந்தப் பட்டையை, கத்தரித்துத் தேர்வுப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமும் அந்தப் பெயரைத் தள்ளித் தள்ளிப் படித்தார். டிசம்பரில் நூற்று எழுபத்தொன்று.

பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்திருந்து, கொரோனா வார்டில் அதை முடித்து, நிரந்தர நம்பர் வாங்கி, 2022இல் ஒப்பந்த வேலையில் எங்கள் மையத்துக்கு வந்தார். நம்பரைப் பேனாவின் மூடியில் சின்னதாக எழுதி ஒட்டியிருந்தார். நான் அவரிடம் வேலை பார்த்த முதல் வருடம் முழுக்க இந்தக் கதை எதுவும் எனக்குத் தெரியாது.

எங்கள் மையத்தில் புதன்கிழமை சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களின் நாள். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் பத்து வருடத்துச் சீட்டுகள். எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். 2023 மே மாதம் ஒரு புதன்கிழமை, ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் டாக்டரின் முன்னால் உட்கார்ந்தவர், முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"நீதான அது. டாக்டரு இல்லாதவ."

செல்லதுரையின் மனைவி பேச்சியம்மாள். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப டாக்டர்தான்மா. உக்காருங்க. கவரைக் கொடுங்க."

பேச்சியம்மாள் உட்காரவில்லை. கவரை மட்டும் மேசையில் போட்டார். டாக்டர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைத்தார். ஒரு சீட்டில் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் என்னவோ ஏதோ என்று உள்ளே போனேன். தேதி 27.2.2019. டாக்டரின் ஏழு எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். அதில் இருந்தது ஒன்றுதான், நடுவில் கோட்டோடு. அடியில் ஹரிஷங்கர் என்று கையெழுத்து.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுச் சொன்னாங்களாம்மா?"

"யாரு சொல்லுவா? டாக்டரு எழுத்து. எங்க வீட்டு ஆளு கடேசியா கையில வச்சிருந்த காயிதம்னு வச்சிருக்கேன்."

டாக்டர் சீட்டை என்னிடம் நீட்டினார். "நான் படிச்சா நம்ப மாட்டாங்க. நீ படி."

ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். நெஞ்சு வலி. இதயத்தில் அடைப்பு என்று சந்தேகம். உடனே ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகவும். லேபுக்கு வேண்டாம். தாமதம் கூடாது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பி வாசி." திருப்பி வாசித்தேன்.

"அப்ப லேபுக்குப் போனாத்தான் மேக்கொண்டுன்னு கவுண்டர்ல ஏன் சொன்னாவ?"

டாக்டர் சீட்டின் அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பேச்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு வருசமா உன்னத்தான் வஞ்சேன் தாயி. தினமும் வெளக்கேத்தும்போது வஞ்சேன்."

"அதுல ஒண்ணும் வீணாப் போகாது," என்றார் டாக்டர். "அப்படியே அந்தப் பக்கம் திருப்பி விடுவோம்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. புதன்கிழமைகளில் கவர்களுக்குள் ஹரிஷங்கர் கிளினிக் சீட்டு இருந்தால், டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கேட்டு வாங்குவார். அதில் 2019இன் அந்த நாற்பது நாட்களுக்குள் தேதியிட்டவற்றை நான் ஒரு ஃபைலில் போடுவேன். ஆள் மஸ்கட்டில் இருந்தபோது பள்ளுருத்தியில் கையெழுத்துப் போட்ட சீட்டுகள். எட்டு மாதத்தில் முப்பத்தொன்று சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஹரிஷங்கரைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றும் பொன்மணி டாக்டரையும் காட்டிக்கொடுக்கும்.

"கவுன்சில்ல கொடுத்தா உங்க நம்பரும் போகுமே டாக்டர்," என்றேன்.

"போகலாம். என் நம்பர் போகாம அவர் நம்பரை எடுக்க ஏதாவது வழி இருக்கான்னு நாலு வருஷம் யோசிச்சாச்சு. இல்ல." பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "அந்த நம்பருக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவர் அதுல தொங்க விட்டாரு என்னை."

ஜனவரியில் ஒரு கவரிலிருந்து வந்த சீட்டைப் பிரித்ததும் நான் திகைத்தேன். அதே பேட், அதே கையெழுத்து, ஏழின் இடுப்பில் அதே கோடு. ஆனால் தேதி முந்தின வாரத்துடையது, எழுத்து வேறு.

டாக்டர் அதைப் பார்த்ததும், "இன்னொருத்தி உக்காந்திருக்கா," என்றார்.

அன்று சாயங்காலமே ஹரிஷங்கரின் கிளினிக்குக்குப் போய் டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தார். என்னையும் கூட்டிப்போனார். உள்ளே ஸுப்ரியா என்ற பெண். கொச்சியின் தேவராப் பகுதிக்காரி, தமிழ் வீட்டுப் பெண், இருபத்தாறு வயது. இரண்டு முறை தேர்வு தவறியிருந்தாள். தான் யார் என்று பொன்மணி சொன்னதும் அவள் பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பிஷ்கெக்ல எந்த பேட்ச்?"

"2021ல முடிச்சேன் சேச்சி."

"இந்த நாற்காலியை விட்டு எழுந்திரு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னையும் டாக்டரே இல்லன்னு சொல்வாரு. எழுதறதுக்கு வெச்ச பொண்ணும்பாரு."

"சார் அப்படியெல்லாம் இல்ல சேச்சி. என்னை மகள் மாதிரி வெச்சிருக்கார். நீங்க சார் பேரைச் சொல்லி ஏமாத்தினதாத்தான் நான் கேட்டிருக்கேன்."

"சரி. நான் ஒரு தடவை சொல்லிட்டேன்," என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி கவுன்சிலுக்குப் புகார் போனது. அந்தத் தேதிக்காகவே ஒரு மாதம் காத்திருந்தார். முதல் பத்தியில் தன் பெயர், தன் நம்பர், பதிவு இல்லாமல் தான் எத்தனை மாதம் வைத்தியம் பார்த்தோம் என்பது. இரண்டாவது பத்தியிலிருந்து ஹரிஷங்கர். பேச்சியம்மாள் தனியாக ஒரு புகார் கொடுத்தார். கீழே பெருவிரல் வைக்க மாட்டேன் என்று ஒரு வாரம் என்னிடம் கையெழுத்துப் பழகினார். கவரில் போட்ட நாளன்று டாக்டர் ஒரு நகலை ஹரிஷங்கருக்கும் அனுப்பினார்.

"எதுக்கு அவருக்கு முன்கூட்டியே? சுதாரிச்சுப்பாரே," என்றேன்.

"சுதாரிக்கட்டும். பயந்தா மனுஷன் ஏதாவது செய்வான். செய்யட்டும்."

விசாரணை செப்டம்பரில், திருவனந்தபுரத்தில். காலை ரயிலில் போனோம். சீட்டுகளைச் சேகரித்தவள் என்பதால் நானும் சாட்சி. நீளமான மேசைக்குப் பின்னால் நான்கு பேர். எதிரே ஹரிஷங்கர், சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பக்கத்தில் வக்கீல். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

ஹரிஷங்கர் நிதானமாகச் சொன்னார். அந்த நாற்பது நாளும் கிளினிக்கில் உட்கார்ந்தது அவருடைய நண்பரான இன்னொரு மூத்த மருத்துவர். பாவம், இப்போது உயிரோடு இல்லை. பொன்மணி கவுண்டரில் இருந்தவள்; பேட்டைத் திருடி ஹரிஷங்கரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருக்கிறாள். ஆதாரம் இதோ, அந்த நாட்களின் நோயாளி ரெஜிஸ்டர், நண்பரே தன் கையால் எழுதியது.

ரெஜிஸ்டரைப் பொன்மணி டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு பக்கம் புரட்டியவர் சட்டென்று மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அப்படி ஒரு நிமிடம் இருந்திருப்பார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு திறந்தார்.

"சார், உங்க நண்பர் எங்க படிச்சவர்?"

"கோட்டயத்துல. என் கிளாஸ்மேட்."

"கோட்டயத்துல ஏழுக்கு நடுவுல கோடு போடச் சொல்லிக் கொடுப்பாங்களா சார்?"

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ரெஜிஸ்டரை வாங்கினார்கள். ஒருவர் என் ஃபைலிலிருந்து ஜனவரிச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பக்கம் முழுக்க வயது, தேதி, மருந்தளவு, எல்லா ஏழுக்கும் இடுப்பில் கோடு. ஐந்து வருடத்துக்கு முன்பு எழுதியதாகச் சொன்ன ரெஜிஸ்டரிலும் அந்த வருட ஜனவரியில் எழுதிய சீட்டிலும் எண்கள் ஒரே கையுடையவை. ஸுப்ரியாவை உட்கார வைத்துப் புதிதாக எழுத வைத்திருக்கிறார். எழுத்தை மாற்றி எழுது என்று சொல்லியிருப்பார். எண்ணை மாற்ற இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"இதை எழுதினது யாரு டாக்டர்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

ஹரிஷங்கர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதங்களைப் பார்த்தார்.

"அது... கிளினிக்ல ஒரு பொண்ணு இருக்கா. நான் சொல்லல. அவளா எழுதியிருக்கா."

"அவங்களும் டாக்டரா?"

"அவ டாக்டரே இல்ல சார். எழுதறதுக்கு வெச்ச பொண்ணு. நான் இல்லாத நேரத்துல நாற்காலில..."

அங்கே நிறுத்தினார். நிறுத்திப் பொன்மணியைப் பார்த்தார். ஐந்து வருடத்துக்கு முன்பு படியில் நின்றவளைத் திரும்பிப் பார்க்காதவர், இப்போதுதான் பார்த்தார். பொன்மணி அவருக்காகக் காத்திருப்பவர் போல, அந்த வாக்கியத்தின் மீதியை அவரே முடிக்கட்டும் என்பது போல, தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூலையில் இருந்த டைப்பிஸ்ட் கேட்டதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஹரிஷங்கர் எங்களைக் கடந்து போகும்போது நின்றார். "உன்னோடதும் சேர்ந்துதான் போகப் போறது. சந்தோஷமா?"

"ஆமா சார்," என்றார் பொன்மணி.

பேச்சியம்மாள் குறுக்கே வந்து நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று பயந்தேன். சீட்டின் நகலை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, எழுத்துக்கூட்டாமல், மனப்பாடமாக, "உடனே ஜெனரல் ஆஸ்பத்திரி. லேபுக்கு வேண்டாம். தாமதம் கூடாது," என்று சொல்லிவிட்டு வழி விட்டார்.

திரும்பும் ரயிலில் கேட்டேன், ரெஜிஸ்டரை ஏன் மூடினீர்கள் என்று.

"பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. இதைக் கேட்டா அந்தப் பொண்ணு மாட்டிப்பா. என்னை மாதிரியே மாட்டிப்பா. அதை நினைச்சுத்தான் மூடினேன்." காயங்குளம் தாண்டியதும் சொன்னார்: "அப்புறம் அவர் அதைச் சொல்லுவார்னு நினைச்சேன். அந்த வாக்கியத்தை. அதை அங்க வெச்சுச் சொல்ல வைக்கணும்னு இருந்தது. அதனால திறந்தேன். நல்லவங்க மூடியே வெச்சிருப்பாங்க."

அடுத்த அமர்வுக்கு ஸுப்ரியாவைக் கூப்பிட்டார்கள். யார் எழுதச் சொன்னது, எந்த வாரம், எந்த மேசையில் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சார் தன்னைப் பற்றிச் சொன்னது டைப் ஆகியிருந்ததைப் படித்துக்காட்டிய பிறகுதான் சொன்னாள். டிசம்பரில் முடிவு வந்தது. ஹரிஷங்கரின் பெயர் மூன்று வருடத்துக்குப் பதிவிலிருந்து நீக்கம். அறுபத்தெட்டு வயதில் மூன்று வருடம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பொன்மணிக்கு ஆறு மாதம் தடை. ஒப்பந்தம் தானாகவே முறிந்தது.

கிளினிக் போர்டைக் கழற்றிய காலையில், பொன்மணி டாக்டர் எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து சாயா குடித்தாராம். நாலு திருகாணியில் மூன்று சுலபமாக வந்துவிட்டதாம். நாலாவது துருப்பிடித்துப் போய் வரவே இல்லையாம். உடைத்து எடுக்கும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தேன், இரண்டாவது சாயாவும் குடித்தேன் என்று என்னிடம் போனில் சொன்னார்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் நான் மட்டாஞ்சேரி வீட்டில் அவரோடு இருந்தபோது ஸுப்ரியா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஜூன்ல மறுபடி எழுதறேன். புக்ஸ் இருக்கா?"

டாக்டர் உள்ளே போய் முதுகு பிய்ந்த தடித்த புத்தகத்தையும் இரண்டு நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கு உங்க மேல இருக்கற கோபம் போகல சேச்சி. சாரைவிட உங்க மேலதான் ஜாஸ்தி. அவர் சொல்லுவார்னு தெரிஞ்சேதான் கேட்டீங்க."

"தெரிஞ்சேதான் கேட்டேன். போக வேண்டாம், வெச்சுக்கோ. ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வர்றப்ப உதவும்."

ஸுப்ரியா புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். பாதியில் ஒரு காகிதப் பட்டை இருந்தது. ஹரிஷங்கரின் பெயரும் பட்டங்களும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தன. அதை எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயருக்கு அடியில் இருந்த கொஞ்சம் வெற்றிடத்தில், பொன்மணி என்று எழுதினாள். எங்கள் இருவர் கண்ணெதிரிலேயே எழுதினாள். பிறகு அதை முதல் பக்கத்துக்கு நகர்த்திப் புத்தகத்தை மூடினாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கா," என்றார் பொன்மணி டாக்டர், அவள் சந்தின் முனையில் திரும்பிய பிறகு.